இரண்டாவது ஆள்

மொன்றியல்
08.10.2017

அன்புள்ள எடித் அக்காவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அத்தானும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க எங்கள் கோயில் ஆனாள் அம்மாளை மன்றாடிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கதைக்கிறவன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனில் டொமினிக் அத்தான் "எல்லாம் சரி மச்சான், நீ எப்பிடி?" என்கிறார். நீங்கள் பின்னால் நின்று "சாப்பிட்டியா?" என்கிறீர்கள். அதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு இப்போது வேண்டியது ஆறுதலாக யோசித்து எழுதுகிற பதில். தாளில் எழுதி, போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

விஷயம் என் வேலையைப் பற்றியது. நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டுச் செய்கிறோம். கடற்கொள்ளையர் கப்பல் விளையாட்டு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் இணையத்தில் சேர்ந்து ஒரே கப்பலில் ஏறி, வேறு கப்பல்களோடு சண்டை பிடிக்கலாம். பெரிய கப்பலுக்கு நாலு பேர், சின்னக் கப்பலுக்கு இரண்டு பேர். இரண்டும் சந்தித்தால் யாருக்கும் வெல்ல வாய்ப்பு இருக்கவேண்டும் என்பது எண்ணம். ஆனால் வெளியிடமுன் சோதனைக்கு விளையாடவிட்டதில், நூறு சண்டையில் எண்பத்தொன்றில் நாலு பேர்தான் வெல்கிறார்கள். சின்னக் கப்பல்காரர் கோபித்துக்கொண்டு விளையாட்டையே விட்டுப் போகிறார்கள். இதைச் சமன் செய்கிற பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள்.

இங்கே என்னோடு வேலை செய்கிற ஒருவரும் படகில் கால் வைத்தவர் இல்லை. நான் வைத்தவன். அப்பாவோடும் அத்தானோடும் மூன்றாவது ஆளாக இரண்டு வருஷம் போனேன். இரண்டு பேர் மட்டும் போன நாள் எனக்கு நினைவில் இல்லை. ஆள் குறைந்தால் கடலில் என்ன மாறும்? அத்தானிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும் தம்பி,
டிலுக்சன்


வங்காலை
22.10.2017

அன்புத் தம்பி டிலுக்சனுக்கு அக்கா எழுதுவது,

இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். காதை மூடித் தொப்பி போடு.

உன் கடிதத்தை இவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். "கள்ளர் கப்பலுக்கு எங்களிட்ட யோசனை கேக்கிறானோ?" என்றார். பிறகு தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"படகு சின்னன் எண்டால் வேலை குறையாது. இஞ்சினைப் பிடிக்க ஒராள், வலை இழுக்க ஒராள், தண்ணி வந்தால் இறைக்க ஒராள். மூண்டு பேர் போனாலும் இது மூண்டு வேலை, ரண்டு பேர் போனாலும் இது மூண்டு வேலை. அதுதான் வித்தியாசம்."

உனக்கு இது உதவுமா தெரியவில்லை. இதற்கு மேல் கேட்டால் "எழுது, எழுது, உனக்குத் தெரியாததே" என்று எழும்பிப் போய்விட்டார்.

வேறு புதினம்: சரிபுதீன் நாநாவை உனக்குப் படத்தில் தெரியும், அப்பா இறந்த பிறகு இவரோடு கடலுக்குப் போனவர். அவருக்குக் கொண்டச்சியில் காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1990இல் இடம்பெயர்ந்து, இருபத்தேழு வருஷம் குடும்பத்தைப் புத்தளத்தில் வைத்திருந்து, இப்போது சொந்த மண்ணில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருக்கிறார். போன மாசத்தோடு எங்கள் படகை விட்டு நின்றுவிட்டார். போகும்போது நல்ல சந்தோஷம். எங்களுக்கும் சந்தோஷம்தான்.

வலையில் நண்டு ஓரளவு படுகிறது. மாதா உன்னைக் காப்பாராக.

அன்புடன் அக்கா,
எடித்


மொன்றியல்
05.11.2017

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். தொப்பி போடுகிறேன்.

அத்தான் சொன்னதை எங்கள் கூட்டத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் பொறுப்பாளர் அதைப் பலகையில் எழுதிவைத்துவிட்டார். நாங்கள் சின்னக் கப்பலுக்குப் பீரங்கியைக் குறைத்தோம், பாயைக் குறைத்தோம், ஆளைக் குறைத்தோம். வேலையைக் குறைக்கவில்லை. சுக்கான், பாய், பீரங்கி, ஓட்டை அடைத்துத் தண்ணீர் இறைப்பது, நாலும் அப்படியே இருந்தன.

ஆனால் அதற்கு முன்பே நான் இரண்டு பிழை விட்டுவிட்டேன். முதலில் பெரிய கப்பலின் வேகத்தைக் குறைத்தேன். சின்னக் கப்பல்காரர் கண்ட உடனே ஓடத் தொடங்கினார்கள். பிடிக்க முடியாது, சண்டையே இல்லை. பிறகு சின்னக் கப்பலின் பீரங்கியைப் பலமாக்கினேன். நாலு நண்பர்கள் சேர்ந்து வந்தால் இரண்டு சின்னக் கப்பலாகப் பிரிந்து போனார்கள். பெரிய கப்பலில் ஏற ஆள் இல்லை. இரண்டையும் திருப்பி எடுத்துவிட்டேன்.

இனி வேலைகளைப் பார்க்கப் போகிறேன். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது மூன்றாவது வேலையை எப்படிச் செய்கிறார்கள்? யார் எதை விட்டுவிட்டு எதைச் செய்வது? எங்கே நிற்பது, எங்கே இருப்பது என்றுகூட எழுதுங்கள். சிறிய விஷயம் என்று விட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

தம்பி டிலுக்சன்


வங்காலை
26.11.2017

அன்புத் தம்பிக்கு,

மழை பிடித்துவிட்டது. சின்னவனுக்குத் தடிமன், மற்றவர்கள் சுகம். நீ நலமாய் இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதற்கு நீளமாக எழுதுகிறேன். விளங்காவிட்டால் கேள்.

இஞ்சின் பிடிக்கிறவர் பின்னால் இருப்பார். வலை இழுக்கிறவர் நடுவுக்குச் சற்று முன்னால், வலப்பக்கத்து ஓரத்தில் முழங்காலை முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். இரண்டு பேருக்கும் இடையில் இழுத்த வலை குவியும். தண்ணீர் வாளி எப்போதும் பின்னால் இருப்பவரின் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அவர் வலது கையால் இஞ்சின் பிடியைப் பிடித்துக்கொண்டு இடது கையால் இறைப்பார். வாளி ஒரு முழம் தள்ளி இருந்தால் அவர் எழும்ப வேண்டும். எழும்பினால் பிடி விடும். பிடி விட்டால் அலை பக்கத்தில் அடிக்கும். அப்போது இழுக்கிறவருக்குக் கால் வழுக்கும், ஈரப் பலகையில் நகம்கூடப் பிடிக்காது.

ஆனபடியால் சின்னப் படகுக்கு ஒரு நல்லது இருக்கிறது, தம்பி. எல்லாம் கைக்கு எட்டும். பெரிய படகில் ஆள் நடந்து போகவேண்டும். இரண்டு பேர் தாக்குப்பிடிப்பது பலத்தால் இல்லை, அந்த எட்டுகிற தூரத்தால்தான்.

இரண்டு பேர் படகில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். மூன்று பேர் போகும்போது ஒருவர் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். கரையில் இருந்து பார்த்தால் அவர் தேவையில்லாத ஆள்போல இருக்கும். அவர்தான் சுற்றிப் பார்க்கிறவர். வலையின் அடையாளக் கொடி எங்கே மிதக்கிறது, யார் வருகிறார்கள், மேகம் எங்கே கறுக்கிறது எல்லாம் அவர்தான் காண்பார். இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்கும் கைநிறைய வேலை. பார்க்க ஆள் இல்லை.

இவ்வளவும் இவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். கை நோகிறது, நிறுத்துகிறேன்.

அக்கா எடித்


மொன்றியல்
10.12.2017

அன்புள்ள அக்கா,

சின்னவனின் தடிமன் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் அளவு பனி, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை வசனம் வசனமாக மொழிபெயர்த்து எங்கள் ஆட்களுக்குக் கொடுத்தேன். சின்னக் கப்பலைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். சுக்கானில் நிற்கிறவர் இரண்டு அடி வைத்தால் பாய்க்கயிறு, மூன்று அடி வைத்தால் வாளி. பெரிய கப்பலில் மேல்தட்டில் இருந்து கீழ்த்தட்டுக்கு ஏணியால் இறங்கவேண்டும். ஒரு பீரங்கியைக்கூட மாற்றவில்லை. எண்பத்தொன்று அறுபத்துமூன்றாக இறங்கிவிட்டது. பொறுப்பாளர் "உன் மச்சானுக்கு ஒரு கதிரை போடவேண்டும்" என்றார்.

அக்கா, ஒரு சந்தேகம். சரிபுதீன் நாநா செப்டெம்பரிலேயே நின்றுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இப்போது அத்தானோடு யார் போகிறார்கள்? எனக்குத் தெரிந்த ஆளா?

நத்தார் வாழ்த்துகள். பாலன் பிறப்புப் பூசையில் என்னையும் நினையுங்கள்.

டிலுக்சன்


வங்காலை
02.01.2018

அன்புத் தம்பிக்குப் புதுவருஷ வாழ்த்து,

எல்லோரும் சுகம். நத்தாருக்குப் பலகாரம் சுட்டோம். கோயிலில் இந்த முறை பாலன் குடிலைப் படகு வடிவில் செய்திருந்தார்கள். பெரியவள் பாடினாள். உனக்கு அனுப்பிய படத்தில் வெள்ளைச் சட்டையோடு நிற்பவள் அவள்தான், ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் பார்.

ஒரு யோசனை எனக்கு வந்தது, இவருக்கு இல்லை. நீ இரண்டு பேரையும் நாலு பேரையும் ஐம்பதுக்கு ஐம்பதாக்கப் பார்க்கிறாய். அது நியாயமா? நாலு பேர் ஒன்றுசேர்வது சும்மா இல்லை. ஒருவருக்கு நேரம் வந்தால் மற்றவருக்கு வராது. ஒருவர் கோபக்காரர், ஒருவர் சோம்பேறி. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு வந்தும் இரண்டு பேரை வெல்ல முடியாவிட்டால் யார் சேருவார்கள்? நாலு பேருக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கவேண்டும். இரண்டு பேருக்கு வேண்டியது வெற்றி இல்லை. ஒழுங்காகச் செய்தால் தப்பலாம் என்ற நம்பிக்கை. அது இருந்தால் திரும்ப வருவார்கள்.

கடலுக்கு ஆள் இருக்கிறது. நம்பிக்கையான ஆள். நீ யோசிக்காதே.

இவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


மொன்றியல்
14.01.2018

அன்புள்ள அக்கா,

நான் நலம். பெரியவளின் படத்தை மேசையில் வைத்திருக்கிறேன்.

உங்கள் யோசனையைப் பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டார். ஐம்பத்தைந்துக்குக் கிட்ட வந்தால் நிறுத்தலாம் என்றார். இப்போது அறுபதில் நிற்கிறோம்.

மிச்சத்தைத் தேடி, தோற்றுப்போன இரண்டு பேர் கப்பல்களில் ஆட்கள் என்ன கதைத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தோம். விளையாடுகிறவர்கள் சம்மதித்துத்தான் பதிவு செய்தோம். பலர் எதிரியைக் கண்டபிறகு வரும் குழப்பத்தில்தான் தோற்கிறார்கள். ஒருவர் "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கத்துகிறார், மற்றவர் சுக்கானை மற்றப் பக்கம் திருப்புகிறார். நாலு பேர் கப்பலில் இந்தப் பிழை குறைவு. ஏன் என்று விளங்கவில்லை. அத்தான் ஏதும் சொல்வாரா?

"நம்பிக்கையான ஆள்" என்றால் பெயர் இருக்கும்தானே. யார் அக்கா?

டிலுக்சன்


வங்காலை
25.02.2018

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதி ஆறு கிழமை ஆகிவிட்டது. போனிலும் நான் வரவில்லை என்று குறைப்பட்டாயாம். கோபிக்காதே. வேலை கூடிவிட்டது. எல்லோரும் சுகம்தான். ஒரு வலைத்தொகுதி போய்விட்டது, அதைத் திரும்பக் கட்டுவதில் நாள் போயிற்று.

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியும். இஞ்சின் பிடிக்கிறவர் முன்னுக்குப் பார்த்து இருப்பார். வலை இழுக்கிறவர் இழுவைக்குத் தக்கபடி பின்னுக்குத் திரும்பி நிற்பார். முகத்துக்கு முகம் பார்த்து நிற்கிற இரண்டு பேருக்கு இடது வலது ஒன்றல்ல. உனக்கு இடது எனக்கு வலது. சாதாரண நேரத்தில் இது நினைவிருக்கும். ஒன்று உன்மேல் வந்துகொண்டிருக்கும்போது நினைவிருக்காது. வாயில் வருவது உன்னுடைய இடதுதான்.

மாசி மூடுபனியில் விடியக் கொஞ்சம் பிந்தித்தான் வெளிக்கும். இரைச்சலை வைத்துப் பெரிய படகு எந்தப் பக்கம் என்று சொல்லமுடியாது. குனிந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தால் நிமிரும்போது அது பனைமரம்போல நிற்கும். "இடப்பக்கம் திருப்புங்கோ" என்றால் அவர் தன் இடப்பக்கம் திருப்புவார், பிழை அவருடையதில்லை.

ஆனபடியால் நாங்கள் இப்போது இடது வலது சொல்வதில்லை. கரைப்பக்கம், கடற்பக்கம் என்றுதான் சொல்லுவோம். யார் எங்கே பார்த்து நின்றாலும் கரை கரைதான். உன் விளையாட்டில் கரை இல்லாவிட்டால் காற்றுப்பக்கம் என்று சொல்லச் சொல்லு.

மற்றது பிறகு எழுதுகிறேன்.

எடித்


மொன்றியல்
27.02.2018

அக்கா,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

"நாங்கள் சொல்லுவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். "திருப்புங்கோ" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் கடலில் நின்று அத்தானை "திருப்புங்கோ" என்று மரியாதையாகச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நவம்பர் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். ஈரப் பலகையில் நகம்கூடப் பிடிக்காது என்று அத்தான் சொல்லியிருக்கமாட்டார். அவர் வழுக்கிவிழுந்த மனிதர் இல்லை.

இரண்டாவது ஆள் நீங்கள்தான்.

பெரிய படகு வந்ததும் உங்கள்மேல்தான். அந்த வலை போனதும் அன்றைக்குத்தான். நான் இங்கே சூடான அறையில் இருந்து, நீங்கள் உயிர் தப்பியதில் படித்ததை எண்ணாக்கி, நேற்றைய பரிசோதனையில் அறுபது ஐம்பத்தேழாகிவிட்டது என்று கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஏன் அக்கா? அத்தானுக்கு என்ன? நான் 2011இல் வெளிக்கிட்டபோது படகில் மூன்று பேர். என்னில் இருந்துதான் குறையத் தொடங்கியது. சொல்லுங்கள், நான் வருகிறேன். என்னிடம் கடவுச்சீட்டு இருக்கிறது, ஒரு கிழமையில் வரலாம்.

டிலுக்சன்


வங்காலை
11.03.2018

மச்சான் டிலுக்சனுக்கு டொமினிக் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். எழுத எனக்குப் பழக்கம் இல்லை. எழுத்துப் பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். காரணம் கீழே வருகிறது.

உன் அக்கா உன் கடிதத்தை வாசித்துக் காட்டவில்லை. மடித்து அலுமாரியில் வைத்துவிட்டாள். இரண்டு கிழமையாய் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்கிறாள். அவள் எழுதமாட்டாள், எனக்குத் தெரியும். பெரியவளைக் கொண்டு வாசிப்பித்தேன்.

என் இடது கண் 2008இல் யுத்தத்தில் செல் துண்டு பட்டுப் போனது உனக்குத் தெரியும். வலது கண்ணில் படலம் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. கொடி தெரியாது. சரிபுதீன் இருக்கும்வரை அவன்தான் எனக்குக் கண். வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவன் காணி கிடைத்துப் போகும்போது அழுதான். "போ, இருபத்தேழு வருசம் பாத்திருந்து கிடைச்ச நிலம், என்னைப் பாக்காத" என்றேன். அடுத்த நாள் விடியக் கரையில் எங்கள் வாடிக் கொட்டிலில் போய் நின்றேன், யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று தெரியாமல். பின்னால் உன் அக்கா என் பழைய சாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "தள்ளுங்கோ படகை" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

மீனவர் சங்கத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "பொம்பிளையை ஏத்திக்கொண்டு போறியாம், நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு?" என்றார் தலைவர். "என்ர கண்ணை நான் கடலுக்குக் கொண்டு போறதுக்கு ஆரிட்டக் கேக்கவேணும்?" என்றேன். அன்றைக்குத்தான் ஊருக்கு என் கண் விஷயம் தெரிந்தது. அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

பெரிய படகு எங்களை உரசிக்கொண்டுதான் போனது. அவள் இடப்பக்கம் என்றாள், நான் என் இடப்பக்கம் திருப்பினேன். பிறகு அவள் வலையைக் கத்தியால் அறுத்துவிட்டு ஓடிவந்து என் கையோடு சேர்த்துப் பிடியைத் தள்ளினாள். இல்லாவிட்டால் இதை உனக்கு வேறு யாரோ எழுதியிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் அம்மா சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார். நான்தான் மாட்டேன் என்கிறேன். இருக்கிறது ஒரு கண். பிழையாகப் போனால் இந்த வெளிச்சமும் இல்லை. பயம்தான், மச்சான். செல்லுக்குப் பயப்படாதவன் இதற்குப் பயப்படுகிறேன். மற்றது, ஆறு கிழமை தண்ணீர் படக்கூடாதாம். படகை யார் கொண்டு போவது?

நீ வரவேண்டாம். ஏழு வருஷம் கடலில் நிற்காத ஆளை ஏற்றினால் உன் அக்கா இரண்டு பேரைப் பார்க்கவேண்டும். வந்தால் விருந்தாளியாக வா.

டொமினிக்


மொன்றியல்
15.03.2018

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

உங்கள் இருவரின் சுகத்துக்காக இன்றைக்கு வேலைக்கு முன்னால் கோயிலுக்குப் போய்வந்தேன். இங்கே கோயில் வெறுமையாக இருந்தது, நல்லதாய்ப் போயிற்று.

அத்தான், உங்கள் எழுத்து விளங்கியது. இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். சின்னக் கப்பலில் மூன்று பேரை ஏற்றி விளையாடவைத்துப் பார்த்தேன். விளையாட்டில் அதற்கு இடம் இல்லை, சும்மா எனக்காகச் செய்தது. இரண்டு பேரில் ஒருவர் விழுந்தால் கப்பல் தப்புவது நூற்றில் ஆறு. மூன்று பேரில் ஒருவர் விழுந்தால் நாற்பத்தொன்று. சண்டையில் வெல்வது அவ்வளவு கூடவில்லை. கரைக்குத் திரும்பி வருவதுதான் கூடியது.

விளையாட்டென்றால் இந்த எண்ணை நான் ஒரு இரவில் மாற்றிவிடுவேன். உங்கள் படகில் எனக்குக் கை எட்டாது. ஆனபடியால் கேட்கிறேன். ஒரு மூன்றாவது ஆளைப் பாருங்கள். யாராக இருந்தாலும் பரவாயில்லை. மூன்று பேர் இருந்தால் ஒருவர் ஆறு கிழமை நிற்கலாம். அப்போது படகை யார் கொண்டு போவது என்று நீங்கள் பயத்துக்குச் சாட்டுச் சொல்லமுடியாது. மிச்சப் பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா, நீங்கள் மறைத்ததற்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தது. இப்போது இல்லை.

டிலுக்சன்


வங்காலை
20.05.2018

அன்புத் தம்பிக்கு,

இரண்டு மாசமாக எழுதவில்லை, போனில் எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை. "பரவாயில்லை, பாத்துக்கொண்டிருக்கிறம்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். முடிவு தெரியாமல் உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன். இப்போது எழுதுகிறேன், எல்லோரும் சுகமாக இருக்கிறோம்.

மூன்றாவது ஆள் கிடைத்தது. நறுவிலிக்குளத்து றஞ்சிதம். வயலில் நெல் அருவி வெட்டுக்கும், வெட்டில்லாத நாளில் எங்கள் வாடிக்கு நண்டு தெரிந்து பிரிக்கவும் வருகிறவள். 2009இல் யுத்தம் முடிந்தபோது புருஷனை ஆமியிடம் கையளித்தவள், இன்னும் அவனைத் தேடிக் கந்தோர் கந்தோராகத் திரிகிறாள். நான் ஆள் தேடுவது தெரிந்து அவளாகவே வந்து கேட்டாள்.

"நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"குளத்தில பழகினனான்."

"கடல் குளம் இல்லை, றஞ்சிதம்."

"தண்ணி தண்ணிதானே அக்கா. என்ன, உப்பு."

முதல் மூன்று நாள் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தாள். நாலாம் நாள் கொடியை எனக்கு முன் கண்டாள். இவர் பின்னால் இருந்துகொண்டு, "இவளின்ர கண் நல்ல கண்" என்றார். அன்றைக்குப் பின்னேரம் ஒருவரும் கேட்காமல், "டொக்டர் அம்மாவுக்குப் போன் எடு" என்றார்.

ஏப்ரல் பதினேழாம் திகதி யாழ்ப்பாணத்தில் செய்தார்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது என் கையை விட்டவர் செபமாலையை விடவில்லை. தாதி பேசிப் பேசி வாங்கி என்னிடம் தந்தா. முக்கால் மணித்தியாலம்தான். எனக்கு அது எப்படிப் போனதென்று எழுதத் தெரியாது.

அடுத்த நாள் காலையில் கட்டைக் கழற்றினார்கள். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். திகதியை வாசித்தார். டொக்டர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எடித், நீ நல்லாக் கறுத்துப்போனாய்."

"ஏழு மாசமா வெயிலுக்க நிண்டால் கறுக்காதோ?"

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

தாதி சிரித்துவிட்டா. இவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டொக்டர் அம்மா சொல்லியிருந்தா, நான் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவர் வீட்டில் நின்ற கிழமைகளில் நானும் றஞ்சிதமும் போனோம். கரை தெரிகிற தூரத்துக்குள்தான் வலை போட்டோம். முதல் நாள் தள்ளிவிட ஆளில்லாமல் நின்றபோது சங்கத் தலைவர்தான் வந்து ஒரு பக்கத்தில் கைகொடுத்தார். தள்ளிவிட்டுப் போய்விட்டார். இப்போது சோளகக் காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கிறது, எங்கள் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை.

நீ போனதில் இருந்துதான் குறையத் தொடங்கியது என்று எழுதியிருந்தாய். அதை நான் இரண்டு மாசம் யோசித்தேன். நீ நின்றிருந்தால் இவர் கண்ணில் படலம் விழாமல் இருந்திருக்குமா? சரிபுதீனுக்குக் காணி கிடைக்காமல் இருந்திருக்குமா? ஆட்கள் போவார்கள், தம்பி. போகவேண்டிய இடத்துக்குப் போவார்கள். உனக்கு நான் மறைத்தது நீ இப்படி நினைப்பாய் என்று பயந்துதான். மறைத்ததால் நீ அதையே நினைத்தாய். இனி மறைக்கமாட்டேன்.

உன் விளையாட்டு ஐம்பத்துநாலில் வெளிவந்ததாக எழுதியிருந்த செய்தியைப் பிள்ளைகள் வாசித்தார்கள். கோபித்துப் போன சின்னக் கப்பல்காரர் திரும்ப வந்தார்களா என்று றஞ்சிதம் கேட்கிறாள். அவளுக்கு நான் முழுக்கதையும் சொல்லிவிட்டேன்.

நேற்றுச் சாப்பாட்டில் இவர் கேட்டார்.

"எனக்கு இப்ப வடிவாத் தெரியுது. றஞ்சிதமும் இருக்கிறாள். சோளகம் விட்டாப் பிறகு நீ வரத் தேவையில்லைதானே?"

நான் அவருக்கு இன்னும் ஒரு அகப்பை குழம்பு ஊற்றினேன். மீன்பிடிக் கந்தோரில் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறேன், எனக்கு ஒன்று, றஞ்சிதத்துக்கு ஒன்று. தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அங்கே இருந்த பொடியனைக் கேட்டேன். "நீங்கள் என்ன செய்யிறியளோ அதை எழுதுங்கோ" என்றான். எழுதினேன். நாளைக்கு மன்னாருக்குப் படம் எடுக்கப் போகிறோம். இவரும் கூட வருகிறாராம், பஸ்ஸில் ஊர்ப்பெயர்ப் பலகை எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு வர.

உன்னை மாதாவின் கையில் ஒப்படைத்து முடிக்கிறேன்.

உன் அக்கா,
எடித்